பலகையின் கனம்

"சார், உங்க ஹைட் எவ்வளவு?" இந்த ஒரு கேள்விதான் இந்த வாரம் முழுக்க என்னைக் கோபத்தில் வைத்திருந்தது.

கேட்டவர் குல்மார்கில் பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்குத் தருபவர். பதில் சொன்னவன் என் அண்ணன் மகன். அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் ராக்கி மலைகளில் சறுக்கிப் பழகியவன். இப்போது சரவணம்பட்டியில் இருக்கிறான். இந்தக் குளிருக்குக் காஷ்மீர் போவதென்று முன்கூட்டியே போனில் பலகை கேட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதுக்கரை வீட்டுக்கு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான். "எடையக் கேக்கலீங் சித்தப்பா. எந்தச் சரிவுல எறங்கப் போறேன்னும் கேக்கல. ஒசரத்த மட்டும் கேட்டுட்டு, 170 சென்டிமீட்டர் பலகை போதும்னு வெச்சுட்டாங்."

பையன் எண்பத்தைந்து கிலோ. அவன் இறங்க நினைப்பது அஃபர்வட் மலையின் மேல்முகட்டிலிருந்து. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2005-ல் திறந்த இரண்டாம் கட்ட ரோப் கார் ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடுகிறது. மேலே பெரும்பகுதி, இயந்திரம் வைத்து அழுத்திச் சமன் செய்யாத சரிவு. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சலனங்கள் கொட்டிவிட்டுப் போன பனி அப்படியே கிடக்கும். புதிதாக விழுந்த பொடிப்பனி ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோதான் இருக்கும். தண்ணீர் என்றால் 1,000 கிலோ. இவ்வளவு லேசான ஒன்றின் மேல் எண்பத்தைந்து கிலோ ஆள் மிதக்க வேண்டும்.

அழுத்திய பாதையில் ஓட்டும் பலகைக்குக் காலடியில் 65, 75 மில்லிமீட்டர் அகலம் போதும். பொடிப்பனியில் அது புதைந்துவிடும். அங்கே 105-லிருந்து 120 வரை வேண்டும். முன்நுனி மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். வளைந்த நுனி பனியைத் தொடாது என்பதால் நீளமும் கூடுதலாகத் தேவை. இவன் உடல்கட்டுக்கு 185 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

அகலத்தை எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். விறைப்பைத்தான் யாரும் கேட்பதில்லை. மெதுவாக இறங்குகிறவருக்கு வளைந்துகொடுக்கும் பலகையே நல்லது. வேகமாக இறங்கி, பாறை விளிம்பிலிருந்து குதித்து, காற்று இறுக்கிவைத்த பனியின் மேல் விழுகிறவனுக்கு அது ஆபத்து. முன்நுனி படபடக்கும், குதித்து இறங்கும்போது மடங்கும். அதனால்தான் மர உள்ளீட்டின் மேலும் கீழும் டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு வைத்து ஒட்டுகிறார்கள். ஒற்றைப் பலகையே இரண்டு கிலோவைத் தாண்டும். தொடை வலுவும் பழக்கமும் இல்லாதவர் அதைத் திருப்ப முடியாமல் தவிப்பார். யாருக்கு எது என்பதைத் தீர்மானிக்க ஆளின் எடை, வேகம், நிலம் மூன்றையும் கேட்டாக வேண்டும். 2024 பிப்ரவரியில் இதே மலையில் பனிச்சரிவு ஒரு ரஷ்யரின் உயிரைக் கொண்டுபோனது. உயரத்தை மட்டும் கேட்டு அந்த இடத்துக்கு ஆள் அனுப்புவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பொடிப்பனிக்கான அந்த அகலம் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1980-களின் இறுதியில் ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரூபர்ட் ஹூபர் ஒரு ஸ்னோபோர்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்தார். 'ஃபேட் பாய்' என்று பெயரெடுத்த அகலப் பலகை அதிலிருந்து வந்தது. பிறகு பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்கான்கி, தண்ணீரில் சறுக்கும் பலகைகளைக் காலில் மாட்டி அலாஸ்கா மலைச்சரிவில் இறங்கிக் காட்டினார். 2002-ல் அவர் யோசனையில் வந்த வோலண்ட் ஸ்பாட்டுலா, காலடியில் அகன்று முனைகளில் ஒடுங்கி, இரு நுனியும் மேலே வளைந்திருந்தது. பொடிப்பனியைத் தண்ணீராக நினைத்துப் பார்த்த மனிதர் அவர்.

சேற்றில் பலகை மேல் நின்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். நடவுக்கு முன் சேற்று வயலைச் சமன் செய்யும் பரம்பைத்தான் சொல்கிறேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பரம்பு ஏக்கம் தெரியும். இன்றைக்கும் அதற்கு இடம் கொடுங்கள்.

பேரூர்ப் பக்கம் நொய்யல் பாய்ச்சலில் என் அப்புச்சிக்கு நெல்வயல் இருந்தது. தொளி உழவு முடிந்ததும் இரண்டு எருதுகளைப் பூட்டிப் பரம்பு அடிப்பார். வாகை மரத்துப் பலகை. அதன் மேல் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்வார். சாய்ந்தால் முன்விளிம்பு தூக்கும், பலகை சேற்றின் மேல் வழுக்கும். மேட்டில் உடம்பை முன்னுக்குக் கொண்டுவந்தால் விளிம்பு சேற்றை வழித்துக்கொள்ளும். பள்ளம் வந்ததும் மறுபடி சாய்ந்து அதைக் கொட்டிவிடுவார். நாற்று நடவுக்கு முன் வயல் கண்ணாடியாகக் கிடக்கும்.

பலகை மெலிந்திருந்தால் நடுவில் நிற்கும் ஆளின் கனத்தில் அது வளையும். வயல் நடுவே குழி விழும், தண்ணீர் அங்கே போய்த் தேங்கும். அதனால் பரம்பு செய்யவந்த ஆசாரி முதலில் கேட்பது, மேலே ஏறி நிற்கப்போவது யார் என்பதைத்தான். மாமாவுக்கு ஒன்று, அப்புச்சிக்குக் கனம் கூடிய வேறொன்று. களிமண் வயலுக்கு அகலம் கூட்டுவார். மேலே சொன்ன மூன்றில் எடையும் நிலமும் அந்த ஆசாரி வாயில் இருந்தன.

பெரும்பாலான பனிச்சறுக்குப் பலகைகளின் மேல் அவற்றின் நீளம், முன்னும் நடுவும் பின்னுமான அகலம், திரும்பும் வட்டத்தின் ஆரம் எல்லாம் அச்சிட்டிருக்கும். அப்புச்சியின் பரம்பில் எந்த எண்ணும் இல்லை. வயல் மனையாகப் பிரிந்தபோது அது கொட்டகையோடு விறகாகப் போனது. எத்தனை விரல் கனம் என்று சொல்ல மாமாவும் இன்று இல்லை. பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில் ஆனி மாதம் நாற்று நடவுத் திருவிழா இன்றைக்கும் நடக்கிறது. சாமியே வயலில் இறங்கியதாகச் சொல்லும் ஊரில், அந்த வயலைச் சமன் செய்த பலகையின் அளவு எங்காவது பதிவாக வேண்டாமா?

தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, ஆனைமலைப் பக்கத்து வாசகர்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ மாட்டுக் கொட்டகையிலோ பரம்பு கிடந்தால் டேப்பை எடுத்து அளந்து எழுதுங்கள். நீளம், அகலம், நடுக்கனம், ஓரக்கனம், என்ன மரம், முன்விளிம்பைச் சீவியிருக்கிறார்களா, கயிறு கட்டும் துளை எங்கே, அதில் நின்றவருக்கு என்ன எடை இருந்திருக்கும். வருகிற எல்லா அளவையும் ஆனிக்குள் இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.