‘சகஜம்’ என்றொரு சாக்கு

“பிள்ளை பெற்ற உடம்பு, இதெல்லாம் சகஜந்தானே!” இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறது என்று ஒரு பெண் வாய்திறந்தால், எமது கரையோர ஊர்களில் அவளுக்குக் கிடைக்கும் மருந்து பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியந்தான். ஆறுதல்போல் ஒலிக்கும் இவ்வாக்கியம் உண்மையில் ஒரு தீர்ப்பு. சாகும்வரை சகித்துக்கொள் என்பதே அதன் பொருள்.

பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பேற்றை அடுத்த மாதங்களில் இத்தொல்லை காணப்படுகிறது. பரவலான நோய் என்பது மெய். ஆனால் பரவலானது எல்லாம் தீராததா? மலேரியாவும் இந்நாட்டில் சகஜமாகவே இருந்தது. 1934-35 ஆம் ஆண்டுகளில் பல்லாயிரவரைப் பலிகொண்டது. அதனைச் சகஜம் என்று கைகட்டி நின்றிருந்தால், 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்திருக்குமா?

இடுப்பெலும்பின் அடியிலே, ஏணைபோல் விரிந்து, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கி நிற்கும் தசைகள் உள்ளன. இடுப்புத்தளத் தசைகள் என்பர். கர்ப்பத்தின் பாரமும் பேற்றின் இழுவையும் அவற்றைத் தளர்த்துகின்றன. பேறு முடிந்ததும் தூக்கும் சுமை, ஓயாத இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நிற்கும் பருவம் ஆகியன மேலும் நலிவிக்கின்றன. தளர்ந்த தசையைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்பதை அமெரிக்க மருத்துவர் ஆர்னல்ட் கேகல் 1948 இலேயே எழுதிவைத்தார். அச்செய்தி எங்கள் வீடுகளின் வாசலை இன்னும் எட்டவில்லை.

அச்சமே முதல் தடை. ஆகவே, பிசியோதெரபி என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் இயன் மருத்துவத்திலே என்ன நடக்கும் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்வோம். முதல்நாளில் பெரும்பகுதி கேள்விகளே. எத்தனை பேறு, எப்போது கசிகிறது, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள், தாம்பத்தியத்தில் வலி உண்டா என்று கேட்பார்கள். பின்னர் வயிறும் முதுகும் மூச்சும் பார்க்கப்படும். தசையின் வலுவை அறியக் கையுறை அணிந்த விரலால் உட்பரிசோதனையும் தேவைப்படலாம். அதனை முன்கூட்டி விளக்கி, சம்மதம் பெற்றே செய்யவேண்டும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கவும், துணைக்கு ஒருத்தியை அருகில் வைத்துக்கொள்ளவும், உட்பரிசோதனை வேண்டாம் என்று மறுக்கவும் நோயாளிக்கு உரிமையுண்டு. மறுத்தாலும் சிகிச்சை நின்றுவிடாது.

பயிற்சி எளியது, பொறுமைதான் வேண்டும். காற்றையும் சிறுநீரையும் அடக்குவதுபோல் தசையை உள்நோக்கி இழுத்து, சில நொடிகள் நிறுத்தி, முழுமையாகத் தளர்த்தவேண்டும். மூச்சை அடக்கலாகாது. ஒரு தடவைக்கு எட்டுமுறையேனும், நாளொன்றுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதங்கள் செய்யவேண்டும். இருமலோ தும்மலோ வருமுன் தசையை இறுக்கவும், சிறுநீர் கழிக்கும் இடைவேளையைச் சிறிது சிறிதாக நீட்டவும் கற்பிப்பார்கள். எல்லோருக்கும் இறுக்கும் பயிற்சி பொருந்தாது. சிலருக்குத் தசை இறுகிக் கிடப்பதே வலிக்குக் காரணம். அவர்கள் தளர்த்தவே பழகவேண்டும். ஆகையால் கேள்விப்பட்டதைத் தாமாகச் செய்வதிலும், தேர்ந்தவரிடம் ஒருமுறை காட்டுவது நன்று. எல்லாரும் முற்றாகக் குணமாவர் என்று யாரும் வாக்களிக்க முடியாது. கருப்பை வெகுவாக இறங்கியவர்களுக்குத் தாங்குவளையமோ அறுவைச் சிகிச்சையோ தேவைப்படலாம். ஆயினும் பெரும்பாலோருக்குப் பயிற்சி பலன் தரும்.

வெட்கம் எங்கள் பண்பாடு என்று கூறுவோர் உளர். தொழுகையில் குனியும்போது ஒழு முறிந்ததோ என்று உள்ளம் பதறும் பெண்ணின் துயரை இவர்கள் அறிவார்களா? மார்க்கம் இத்தகைய நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறது; நோய்க்கு மருந்து தேடவும் ஏவுகிறது. இவ்விரண்டையும் மறைத்துவிட்டு வெட்கத்தை மட்டும் போதிப்பது என்ன நியாயம்?

இது வசதியுள்ளவர்களின் கவலை என்போர் இன்னொரு சாரார். சம்மாந்துறை வயலில் கதிர் அறுப்பவளும், மருதமுனைத் தறியில் குந்தியிருப்பவளும், வளைகுடா நாட்டு மாளிகையில் பாரம் தூக்குபவளும் வசதியுள்ளவர்களா? கருப்பை இறக்கம் பெண்ணின் உரிமை சார்ந்த பிரச்சினை என்று நேபாளத்தின் உச்ச நீதிமன்றம் 2008 இல் தீர்ப்பளித்தது. பேற்றின்பின் ஓய்வின்றிச் சுமக்கும் ஏழைப் பெண்களே அங்கு பெருமளவில் பாதிக்கப்பட்டிருந்தனர். பிரான்சிலோ பேற்றின்பின் இத்தசைகளுக்கான பயிற்சிக்குச் சமூகக் காப்புறுதியே பணம் செலுத்துகிறது.

ஒலுவிலைப் பாருங்கள். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டிய துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. வாயிலை மணல் அடைத்தது. வடபுறக் கரையைக் கடல் அரித்தது. மக்கள் மனு எழுதினர், வீதிக்கு இறங்கினர், இழப்பீடு கேட்டனர். அது நேர்மையான போராட்டம். ஆனால் அதே கரையோர வீடுகளுக்குள் பெண்ணுடல் அடையும் சேதத்துக்கு யார் மனு எழுதினார்? கண்முன் நிகழும் அரிப்பு அரசியலாகிறது. சீலைக்குள் மறைந்த துன்பம் விதியாகிவிடுகிறது.

எமது கோரிக்கைகள் பெரியவையல்ல. பேற்றின்பின் வீடு தேடிவரும் மருத்துவிச்சியும், சுகவனிதையர் கிளினிக்கும், ‘சிறுநீர் கசிகிறதா?’ என்ற ஒரு கேள்வியைத் தவறாது கேட்கட்டும். ஒவ்வோர் ஆதார வைத்தியசாலையிலும் இத்துறையில் பயின்ற பெண் இயன் மருத்துவர் ஒருவரேனும் இருக்கட்டும். பயிற்சி விளக்கங்கள் நல்ல தமிழிலே அச்சாகட்டும்.

ஆசிரியத் தோழர்களே, எமக்கும் ஒரு பங்குண்டு. இனப்பெருக்கப் பாடம் வந்ததும் ‘வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கத்தைப் புரட்டும் வழக்கம் எமது வகுப்பறைகளில் இன்னும் சாகவில்லை. அன்று பெயர் சொல்லித்தரப்படாத உறுப்பைப் பற்றித்தான், இருபது ஆண்டுகள் கழித்து அந்த மாணவி மருத்துவரின் முன் சொல்லத் தெரியாமல் தலைகுனிகிறாள். அப்பாடத்தை முழுமையாக நடத்துவதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் நிதியும் வேண்டியதில்லை. நாளைக்கே தொடங்கலாம்.