ஊருக்கெல்லாம் சொன்னால் நோய் நிற்குமா?

"ஆள் யாரென்று சொன்னால்தானே மற்றவன் தப்பலாம்?" கொரோனாக் காலத்தில் படித்தவர்களும் கேட்ட கேள்வி இது. 2020 மார்ச் இறுதியில் ஒருவருக்குத் தொற்று உறுதியாகி, உள்ளே வரவோ வெளியே போகவோ விடாமல், இலங்கையில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அக்குறணை அடைக்கப்பட்டது. இதுபோன்ற ஊரில் நோயாளியின் பெயர் வெளியே வந்தால் மதமும் கூடவே வரும். தொற்றைப் பரப்புவது முஸ்லிம்கள்தான் என்று அந்நாட்களில் சமூக வலைத்தளங்கள் கொட்டிய வெறுப்பை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

தெரிய வேண்டியவருக்குத் தெரியப்படுத்த நாட்டில் வழி இல்லாமலில்லை. தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம் 1897 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. டெங்கு என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரியிலிருந்து நோயை அறிவிக்கும் எச் 544 படிவம் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குப் போகும். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீடு தேடி வருவார். வேறு யாருக்குக் காய்ச்சல், யார் வந்து போனார்கள் என்று விசாரிப்பார். நோயாளியோடு பழகியவருக்குச் சொல்லத்தான் வேண்டும், அதில் மறுப்பில்லை. அதைப் பீ.எச்.ஐ.யே சொல்லிவிடுவார். இந்தச் சங்கிலியில், பெயரைப் பரப்பும் வாட்ஸ்அப் குழுவுக்கு என்ன வேலை?

ஊர்வாய்க்கு அகப்பட்டால் என்ன நடக்கும் என்பதைக் குளியாப்பிட்டியில் பார்த்தோம். தகப்பன் எய்ட்ஸால் இறந்தார் என்றொரு வதந்தி. அதை நம்பி ஆறு வயதுப் பையனைப் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. மற்றப் பெற்றோர் எதிர்த்து நின்றார்கள். பையனுக்கு எச்.ஐ.வி. இல்லை என்று பரிசோதனை சொன்னது. அதுவும் எடுபடவில்லை. தன் இரத்தத்தில் என்ன இல்லை என்பதை ஒரு குழந்தை ஊருக்கே நிரூபிக்க வேண்டியிருந்தது! கடைசியில், 2016 இல், கண்டி திரித்துவக் கல்லூரிதான் கதவு திறந்தது. அந்த வதந்தி ஒரேயொரு தொற்றையாவது தடுத்ததா? பையனுக்கு நோய் இருந்திருந்தாலும் கதை மாறாது. பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதால் எச்.ஐ.வி. தொற்றாது.

பெயர் வெளியாகும் என்று பயந்தவன் பரிசோதனைக்கு வரமாட்டான். தென்கொரியத் தலைநகர் சியோல் இதை 2020 மே மாதம் அனுபவத்தில் கண்டது. இரவு விடுதிகளில் தொற்றுப் பரவியது. அங்கே போனவர்களைப் பற்றி ஊடகங்கள் துருவி எழுதவே, பலர் ஒளிந்துகொண்டார்கள். பெயர் தராமலே பரிசோதிக்கலாம் என்று நகர நிர்வாகம் அறிவித்த பிறகு வருவோர் தொகை கூடியது. இரகசியம் காத்ததால் ஊருக்குக் கிடைத்த இலாபம் அது.

தனிமைப்படுத்திய வீட்டின் கதவில் ஒட்டும் அறிவித்தலாவது தேவைதானே என்பார்கள். அதிகாரமுள்ள அமைப்பின் உத்தரவில்லாமல் கொரோனா நோயாளி வீட்டில் சுவரொட்டி ஒட்டக்கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லிவிட்டது. இங்கே அந்த அறிவித்தலைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியவர்கள், எச்சரிக்கை செய்ததாகப் பெருமைப்பட்டிருக்கலாம். ஆனால் பீ.எச்.ஐ. அந்த வீட்டுக்குப் போய், விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டுத்தான் அதை ஒட்டியிருந்தார்.