முகமூடிக்குத் தவறான அளவுகோல்

வீடியோ கேம் பாத்திரங்களின் முகமூடிகள் பற்றி ஒரு கட்டுரையாளர் வைக்கும் வாதம் எளிமையானது. போட்டுக்கொண்டால் கண் தெரிய வேண்டும், மூச்சு விட முடிய வேண்டும், அடி தாங்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாதவை எல்லாம் வெற்றுப் பகட்டு, வடிவமைத்தவர்களின் சோம்பேறித்தனம். பலர் தலையாட்டிவிட்டார்கள். ஒரு கேம் எப்படி உருவாகிறது, எப்படி ஆடப்படுகிறது என்ற இரண்டையும் எட்டிப் பார்க்காமலே இவ்வளவு உறுதியாகத் தீர்ப்பு எழுதியிருப்பதைக் கண்டும் காணாமல் விட என்னால் முடியவில்லை.

முதல் பலி 'மார்ட்டல் காம்பாட்'. ஸ்கார்ப்பியனும் சப்-ஸீரோவும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சண்டை போடுவது அபத்தமாம். 1992இல் வந்த அந்த கேமுக்காக நடிகர்களைப் படம்பிடித்து, அந்தப் படங்களையே பாத்திரங்களாக அசையவைத்தார்கள். ஸ்கார்ப்பியன், சப்-ஸீரோ, ரகசியமாக ஒளித்துவைக்கப்பட்ட ரெப்டைல் மூவருமே டேனியல் பெசினா என்ற ஒரே நடிகர்தான். உடையின் நிறம் மஞ்சள், நீலம், பச்சை என்று மாறியது, ஆள் மாறவில்லை. முகமூடி இல்லாமல் வரும் ஜானி கேஜும் அவரேதான். பாதி முகம் மறைந்திருந்ததால் மூன்று நிஞ்ஜாக்களுக்கும் ஒரே படத்தொகுதி போதுமானதாக இருந்தது, ஆர்கேட் எந்திரத்தின் சொற்ப நினைவகமும் மிச்சமானது. இதைவிடப் பயனுள்ள ஒரு முகமூடியை அவர் காட்டட்டும்.

'டீம் ஃபோர்ட்ரெஸ் 2' கேமில் ஸ்பை என்ற உளவாளி எதிரணி ஆளாக வேடம் போடும்போது, எதிரிகளுக்கு முழுக்க அந்த ஆளாகவே தெரிவான். அவனுடைய அணிக்காரர்களின் திரையிலோ, அந்த ஆளின் முகம் வரைந்த வெறும் காகிதத்தை மாட்டிக்கொண்டிருப்பான். கட்டுரையாளரின் மூன்று விதிகளிலும் தோற்கிற முகமூடி இது. ஆனால் இவன் நம்மவன், இன்ன வேடத்தில் திரிகிறான் என்ற இரண்டு செய்திகளையும் குண்டுமழைக்கு நடுவே ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. கேமில் முகமூடி வேலை செய்யவேண்டிய இடம் ஆடுகிறவரின் கண். அந்தக் கண்ணைப் பற்றிக் கட்டுரை முழுக்க ஒரு வரி இல்லை.

நிஜ வீரர்கள் இப்படிப் பகட்டியதில்லை என்றும் அடித்துச் சொல்கிறார். இது பச்சைப் பொய். ஜப்பானின் சாமுராய்கள் அணிந்த மெம்போ என்ற இரும்பு முகக்கவசத்தில் வியர்வை வடியத் தாடைக்கடியில் துளை உண்டு. தலைக்கவசக் கயிறு நழுவாமல் பிடிக்கக் கொக்கியும் உண்டு. அதே கவசத்தில்தான் கோபத்தில் சுருங்கிய கன்னங்கள், பல்வரிசை, முடி வைத்த மீசை எல்லாம் இருந்தன. உயிரைப் பணயம் வைத்துக் களத்தில் நின்றவனுக்கே எதிரியை மிரட்டுவது கவசத்தின் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அந்த நாட்டின் நோ என்ற நாடக வடிவத்தில் முகமூடியின் கண் துளை மிகச் சிறியது. நடிகர் மேடை மூலையில் உள்ள தூணைக் குறியாக வைத்தே தன் அடிகளை எடுத்துவைக்கிறார். நூற்றாண்டுகளாக அந்தத் துளையை யாரும் பெரிதாக்கவில்லை, அந்தச் சிரமத்தில்தான் அந்த நடை பிறக்கிறது என்பதால்.

அவர் உச்சியில் தூக்கிவைப்பது 'மெட்ரோ 2033' (2010). நானும் தூக்கிவைப்பேன், வேறு காரணத்துக்காக. உக்ரைனின் 4ஏ கேம்ஸ் உருவாக்கிய அந்த கேமில் நாயகன் ஆர்ட்யோமின் கேஸ் மாஸ்க் ஓயாமல் கஷ்டம் கொடுக்கிறது. ஃபில்டர் தீர்ந்துகொண்டே போகிறது. எவ்வளவு நேரம் மிச்சம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். மிருகம் பாய்ந்தால் கண்ணாடி விரிசல் விடும், வேறு மாஸ்க் கிடைக்கும்வரை அதன் வழியேதான் பார்க்க வேண்டும். ஃபில்டர் தீரத் தீர மூச்சிரைப்பு காதை நிறைக்கும். கண்ணை மறைத்து, மூச்சைத் திணறவைத்து, அடியில் உடைகிற முகமூடி! கட்டுரையாளரின் விதிப்படி திருத்தியிருந்தால், அந்த கேமின் சுரங்கங்கள் தரும் பயம் முழுதும் போயிருக்கும். தான் புகழும் கேமே தன் வாதத்தை உடைப்பது அவருக்குத் தெரியவில்லை.

நடைமுறைத்தன்மை கேட்கவேண்டிய கேம்கள் இல்லாமலில்லை. 2015இல் வந்த 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' அப்படி ஒன்று. அதில் ஸ்மோக் என்ற வீரனின் நச்சுவாயு அவனை மட்டும் ஒன்றும் செய்யாது. பக்கத்தில் நிற்கும் சக வீரன் மியூட்டும் கேஸ் மாஸ்க் போட்டவன்தான், ஆனால் அவன் அந்த வாயுவிலேயே சாவான். ஃபில்டர் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, வார் இருக்கிறது, பயன் மட்டும் இல்லை. ஆட்டத்தின் சமநிலைக்காக அப்படி வைத்தது எனக்குப் புரிகிறது, ஏற்கவும் செய்கிறேன். பயன்பாடே முக்கியம் என்று முழங்கியவர் அதை ஏற்கக் கூடாது. அவரோ மியூட்டின் முகமூடியை நல்ல வடிவமைப்புக்கு உதாரணமாகப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். ராணுவத்தில் கொடுப்பதைப் போல இருந்ததும் அவருக்குப் போதுமாகிவிட்டது. அது வாயுவைத் தடுக்கிறதா என்று அவர் பார்க்கவே இல்லை.