ஹைவே யாருக்கு? டேனரிக்கு சைக்கிள் மிதிக்கும் தொழிலாளிக்கும்தான்!



"சைக்கிள்காரனுக்கு ஹைவேயில என்ன வேலை?"

விபத்துச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் கமெண்டில் முதலில் வந்து விழுவது இந்தக் கேள்விதான். கேட்பவர் பெரும்பாலும் கார்க்காரர். செத்தவர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க் கொண்டிருந்தவர்.

பதிலைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் தோல் தொழில் ஊர்களை எல்லாம் கோர்த்துக்கொண்டு போவது சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48. வீடு ஒரு பக்கம், கம்பெனி மறுபக்கம். அந்த ரோட்டைத் தொடாமல் வேலைக்குப் போக வழி இல்லை. இதுதான் சைக்கிள்காரருக்கு ஹைவேயில் இருக்கிற வேலை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாளை உங்களையே நிறுத்தி யாராவது கேட்டால் பதில் சொல்ல உதவும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. எனவே லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். அதே சட்டம் பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள சாலையைப் 'பொது இடம்' என்கிறது. முறைப்படி அறிவிப்பு போட்டுத் தடுக்காத வரை எந்தச் சாலையிலும் சைக்கிள் போகலாம். சைக்கிளுக்கு முனிசிபாலிட்டி வரி வாங்கி வில்லை கொடுத்த காலமும், விளக்கு இல்லாமல் வந்தால் போலீஸ் பிடித்து நிறுத்திய காலமும் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வரி வாங்கவும் அபராதம் போடவும் சைக்கிளை வாகனமாகப் பார்த்தார்கள். இடம் ஒதுக்கும் நேரம் வந்ததும் அதே சைக்கிள் இடைஞ்சலாகிவிட்டது!

'பஸ் லேனில் சைக்கிள் போகலாமா' என்று உலகம் முழுக்க ஒரு விவாதம் நடக்கிறது. லண்டனில் பெரும்பாலான பஸ் லேன்களில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு, அங்கே வைத்திருக்கும் நீலப் பலகையிலேயே சைக்கிள் படம் இருக்கும். பாரிஸிலும் பல பஸ் லேன்கள் சைக்கிளுக்குத் திறந்தே இருக்கின்றன. டெல்லியில் 2008-ல் அம்பேத்கர் நகர் - மூல்சந்த் பாதையில் பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டபோது சைக்கிளுக்கும் தனித் தடம் போட்டார்கள். உடனே கார்க்காரர்கள் கொதித்தார்கள். பஸ் தடத்தில் எங்களையும் விடு என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2012 அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. கோர்ட்டில் தோற்றவர்கள் அரசியலில் ஜெயித்தார்கள். 2016-ல் அந்தத் தடத்தையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

"நம்ம ஊர்ல பஸ் லேனே கிடையாதே, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். உண்மைதான், வேலூரிலும் இல்லை, ஆம்பூரிலும் இல்லை. ஆனால் அந்த விவாதத்தின் அடியில் இருக்கிற கேள்வி நம்முடையது. சாலையின் அகலத்தை யாருக்கு எவ்வளவு பிரித்துக் கொடுப்பது? வண்டியின் எண்ணிக்கையை வைத்தா, மனிதர்களின் எண்ணிக்கையை வைத்தா? 2006-ல் மத்திய அரசே வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை விட மனிதர்களை மையமாக வைத்துச் சாலை இடத்தைப் பங்கிட வேண்டும் என்கிறது. கொள்கை பேப்பரில் இருக்கிறது. ரோட்டில் இருப்பது கார்.

இப்போது நேரடியாக நம்மைத் தொடும் விஷயத்துக்கு வருகிறோம்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 138(1A) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மோட்டார் இல்லாத வாகனங்களும் பாதசாரிகளும் பொது இடங்களையும் தேசிய நெடுஞ்சாலைகளையும் பயன்படுத்துவதை 'ஒழுங்குபடுத்த' மாநில அரசு விதி செய்யலாம் என்பது அந்தப் பிரிவு. நெடுஞ்சாலை என்றால் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்து கொள்ள வேண்டும்.

2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, கே.வி.விஸ்வநாதன் அமர்வு, எல்லா மாநிலங்களும் 6 மாதத்துக்குள் இந்த விதிகளை வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்கைத் தொடுத்தவர் நம் கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் எஸ்.ராஜசேகரன். 2012-லிருந்து நடக்கும் வழக்கு. நடப்பவரும் சைக்கிள்காரரும் ரோட்டில் சாகக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அந்த உத்தரவை நாம் முழு மனதோடு வரவேற்கிறோம்.

நம் பயம் கோர்ட்டின் மீது அல்ல. அந்த விதியை எழுதப் போகும் பேனா மீது.

'ஒழுங்குபடுத்து' என்ற சொல்லை நம் அதிகாரிகள் எப்படிப் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். ரோட்டைச் சரி செய்வதற்குப் பணம் வேண்டும், திட்டம் வேண்டும், ஒப்பந்தக்காரரைக் கேள்வி கேட்கிற தைரியம் வேண்டும். தடை போடுவதற்கு ஒரு பலகை போதும். கொல்கத்தாவில் அதுதான் நடந்தது. 2013-ல் அங்கே காவல்துறை 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. பால்காரர், பேப்பர் போடுபவர், சில்லறை வியாபாரி என்று அன்றாடம் உழைத்தவர்கள் வயிற்றில்தான் அடி விழுந்தது. கார் வைத்திருந்தவருக்கு என்ன நஷ்டம்?

பெங்களூரு - மைசூரு நெடுஞ்சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர், மோட்டார் இல்லாத வாகனங்கள் எல்லாவற்றையும் பிரதான தடத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். அதில் ஒரு நியாயத்தை மறுக்க மாட்டோம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு நடுவே சைக்கிள் போவது உயிருக்கு ஆபத்து. ஆனால் நம் பகுதிக்கு அதை அப்படியே நகல் எடுக்க முடியாது. NH 48 ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட எக்ஸ்பிரஸ்வே அல்ல. ஆம்பூரை நடுவில் பிளந்துகொண்டு போகும் சாலை. இங்கே விலக்கி வைக்க வேண்டுமானால் முதலில் மாற்று வழியைக் கொடு. முழு நீள சர்வீஸ் ரோடு எங்கே? கடந்து போக சப்வே எங்கே? இவை இல்லாமல் போடும் தடை பாதுகாப்பு அல்ல, கதவடைப்பு!

"டோல் கட்டுறவனுக்குத்தான் ரோடு" என்று ஒரு வாதம். வாணியம்பாடியிலும் பள்ளிகொண்டாவிலும் கட்டுகிற டோல், பயன்படுத்தும் கட்டணம். அது கிரயப் பத்திரம் அல்ல. அந்த ரோட்டுக்கு நிலம் கொடுத்தது இந்தப் பாலாற்றங்கரைக் கிராமங்கள். சைக்கிள் வாங்கும்போது ஜி.எஸ்.டி. கட்டுகிறோம், டயர் மாற்றினாலும் கட்டுகிறோம். தோல் ஏற்றுமதியில் வரும் அந்நியச் செலாவணியை ஈட்டித் தருவதும் இந்தக் கைகள்தானே?

"பஸ் லேனில் சைக்கிளை விட்டால் பின்னால் பஸ் ஊர்ந்து வருமே, பஸ்ஸில் வருபவனும் தொழிலாளிதானே?" இது நியாயமான கேள்வி. நம் பதில் இதுதான். பஸ் தாண்டிப் போக அகலம் இருந்தால் இரண்டும் ஒரே தடத்தில் போகட்டும். அகலம் இல்லை என்றால் சைக்கிளுக்குத் தனித் தடம் போடு. சைக்கிள் தடம் எப்படிப் போட வேண்டும் என்று இந்திய சாலைகள் காங்கிரஸின் தரக் கையேடே இருக்கிறது. பஸ் பயணியையும் சைக்கிள்காரரையும் மோதவிட்டு, நடுவில் காருக்கு இரண்டு தடம் எடுத்துக்கொள்ளும் விளையாட்டு வேண்டாம்.

"இப்போ யாருங்க சைக்கிள் ஓட்டுறாங்க?" இன்னொரு கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விவசாயம், வீட்டுத் தொழில் தவிர்த்த மற்ற வேலைக்குப் போகிறவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிள் என்றார்கள். தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா சைக்கிள் தருகிறது. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. யாரையும் எதிர்பார்க்காமல் அவர்கள் வெளியே போக வழி திறந்தது. இன்று ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் அப்பர் தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சைக்கிளைக் கையில் கொடுத்துவிட்டு ரோட்டைப் பிடுங்கிக்கொள்வது என்ன நியாயம்?

கணக்கையும் பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாடு முழுவதும் இறந்த சைக்கிள்காரர்கள் 4,800-க்கு மேல். சைக்கிள் மோதி செத்தவர் எத்தனை பேர் என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். ஆபத்தை உண்டாக்குபவர் ஒருவர், தடை மட்டும் இன்னொருவருக்கா?

விபத்து நடந்துவிட்டால் கைகட்டி நிற்காதீர்கள். வண்டி நிற்காமல் போய்விட்டாலும், ஹிட் அண்ட் ரன் திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் கேட்கலாம். வண்டி அடையாளம் தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சைக்கிள்காரருக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பதால் அந்த உரிமை போய்விடாது. சாலையைத் தரமாக வடிவமைக்காமல், பராமரிக்காமல் விட்டதால் உயிர் போனால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்தக்காரருக்கோ 1 லட்சம் வரை அபராதம் விதிக்க 198A பிரிவு இருக்கிறது. சைக்கிள்காரரைத் திட்டுகிற வாய்கள் ஒருமுறையாவது இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

நம் கோரிக்கைகள்:

1. 138(1A) விதியின் வரைவைத் தமிழில் வெளியிடு. தோல் தொழிலாளர் சங்கங்களையும் நெடுஞ்சாலையோரக் கிராம சபைகளையும் கேட்டு எழுது.

2. மாற்றுப் பாதை கட்டி முடிக்காத எந்தச் சாலையிலும் சைக்கிளுக்குத் தடை கூடாது என்று விதியிலேயே எழுது.

3. NH 48-ல் வாலாஜாபேட்டை முதல் வாணியம்பாடி வரை சர்வீஸ் ரோடு எங்கெங்கே அறுபடுகிறது என்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர்கள் கூட்டாக ஆய்வு செய்து, பட்டியலை மக்கள் முன் வை. மூன்று மாவட்டமாகப் பிரித்தது 2019-ல், ரோடு இன்னும் ஒன்றுதான்.

4. சர்வீஸ் ரோட்டில் லாரி நிறுத்துவதைத் தடு. ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி வாசல்களில் போக்குவரத்துக் காவலர் நிற்கட்டும், தெருவிளக்கு எரியட்டும்.

5. வேலூர் மாநகரில் எதிர்காலத்தில் பஸ் லேன் வந்தால், சைக்கிளுக்கான இடத்தை வரைபடத்திலேயே காட்டு. 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம் பிடித்த ஊர் இது. சைக்கிளில் பயமில்லாமல் போக முடியாத ஊர் என்ன ஸ்மார்ட்?

தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் விதி செய்யும் முன் வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும் என்று 212-வது பிரிவு சொல்கிறது. வரைவு வந்தால் லைக் போடுவதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் ஊர்ப் பெயர், கம்பெனிக்குப் போகும் வழி, எங்கே கடக்கிறீர்கள், எங்கே பயம், இதை நாலு வரியில் எழுதி அனுப்புங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகவும் கொடுங்கள்.

முடியுமா என்று கேட்காதீர்கள். டேனரிக் கழிவு பாலாற்றைக் கொன்றபோது இந்த மண்ணிலிருந்து போன வழக்குதான் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கு. 1996-ல் வந்த அந்தத் தீர்ப்பை இன்றும் நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். ஆற்றுக்காகச் சட்டத்தையே பேச வைத்த ஊர், ரோட்டில் ஒரு ஓரத்துக்காக வாய் மூடி இருக்குமா?

நாம் பிச்சை கேட்கவில்லை. நம் வேலைக்குப் போகும் வழியைக் கேட்கிறோம்.

தடைப் பலகை வேண்டாம், தடம் வேண்டும்!

பகிருங்கள். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள்.

#சைக்கிளுக்கும்_சாலை
#தடை_வேண்டாம்_தடம்_வேண்டும்
#ஆம்பூர் #வாணியம்பாடி #ராணிப்பேட்டை #வேலூர்