பள்ளிக்கூடம் திறந்தாச்சு... டீச்சரிடம் சொல்லியாச்சா?

ஜூன் மாதம் பிறந்தாலே நம் வீடுகளில் ஒரே அமர்க்களம்தான். யூனிபாரம் தைத்தாயிற்றா, ஷூ வாங்கியாயிற்றா, நோட்டுக்கு அட்டை போட்டாயிற்றா என்று ஆயிரம் கவலை. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிற நாம் இரண்டு விஷயங்களை மட்டும் விட்டுவிடுகிறோம். பிள்ளையின் உடம்பைப் பற்றி நமக்கு மட்டுமே தெரிந்த சேதியை டீச்சரிடம் சொல்வதில்லை. அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சரியாகச் சொல்வதில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துச் சகோதரிகளுக்கு இது இன்னும் முக்கியம். ஏன் என்கிறீர்களா? இங்கே பல வீடுகளில் கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. சில வீடுகளில் மனைவிக்கும் அப்படித்தான். இன்னும் சிலர் ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று கர்நாடகத்துக்கே தினமும் போய் வருகிறவர்கள். மாமியாரும் அம்மாவும் எங்கோ சொந்த ஊரில். பகல் பதினோரு மணிக்கு, "பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்குது, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று பள்ளியிலிருந்து போன் வந்தால், எடுக்க ஓர் ஆள் வேண்டாமா?

எந்த நம்பரைக் கொடுப்பது?

சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் செல் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். சில தொழிற்சாலைகளில் செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அது அங்கே அடித்துக்கொண்டே கிடக்கும்! ஆகவே மூன்று நம்பர் கொடுங்கள். முதலாவது உங்களுடையது. இரண்டாவது, பகலில் வீட்டில் இருக்கும், கால் மணியில் பள்ளிக்குப் போய்ச் சேரக்கூடிய ஒருவருடையது. பக்கத்து வீட்டு அக்காவோ, வீட்டுக்கார அம்மாவோ யாராகவும் இருக்கலாம். "இவங்க வந்தா பிள்ளையை அனுப்பலாம்" என்று டீச்சரிடம் அவரை நேரில் காட்டிவிடுங்கள். மூன்றாவது, கணவரின் தொழிற்சாலை கேட் அல்லது அலுவலக நம்பர். அதன் பக்கத்தில் அவர் பெயர், எந்தப் பிரிவு, டோக்கன் நம்பர் என்ன என்று எழுதுங்கள். சிம் கார்டு மாற்றினால் அன்றைக்கே பள்ளியில் சொல்லிவிட வேண்டும்.

பள்ளியில் நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் நான்கைந்து பேர்: வகுப்பாசிரியர், தலைமை ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், வேன் டிரைவர், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாய். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஆகையால் அங்கே போய்ப் பேசக் கூச்சமே வேண்டாம்.

இவர்களுடைய நம்பர்களைச் செல்லில் மட்டுமல்ல, காலண்டர் பக்கத்தில் ஒரு தாளிலும் எழுதி ஒட்டுங்கள். கூடவே ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, குழந்தைகள் உதவிக்கு 1098, தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி உதவிக்கு 14417. ஒன்று கவனியுங்கள்: 108 நமக்கும் கர்நாடகத்துக்கும் பொது. எல்லையோரத்தில் இருந்து கூப்பிடும்போது, "தமிழ்நாடு, ஓசூர்" என்று மாநிலத்தையும் ஊரையும் முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்.

மறைக்காதீங்க!

"வலிப்பு வரும்னு சொன்னா பிள்ளையைச் சேத்துக்க மாட்டாங்களே", "பொண்ணுன்னா நாளைக்குப் பேர் கெட்டுடுமே" என்று பயப்படுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் விஷயம் தெரியாத டீச்சர் முன்னால் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் என்ன நடக்கும்? கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். பல்லுக்கு நடுவில் கரண்டியை வைப்பார்கள். மயக்கம் தெளியும் முன்பே தண்ணீர் புகட்டுவார்கள். சாவியால் வலிப்பு நிற்காது. மற்ற இரண்டாலும் பல் உடையலாம், மூச்சு அடைக்கலாம்.

விஷயம் தெரிந்த டீச்சர் என்ன செய்வார்? பக்கத்தில் உள்ள பெஞ்சு, நாற்காலியை நகர்த்தி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைப்பார், சட்டைக் காலரைத் தளர்த்துவார், கடிகாரத்தைப் பார்ப்பார். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால், அல்லது ஒன்று விட்டு உடனே இன்னொன்று வந்தால், 108-ஐக் கூப்பிடுவார். நாம் சொல்வதா மறைப்பதா என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. டீச்சரிடமும் தலைமை ஆசிரியரிடமும் தனியாகச் சொன்னால் போதும்.

இழுப்பு, இருதயக் கோளாறு, சர்க்கரை, காது மந்தம் எல்லாவற்றுக்கும் இதேதான். ஓசூர்க் குளிர்காற்றில் இழுப்பு வரும் பிள்ளை என்றால், டாக்டர் கொடுத்த இன்ஹேலரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று டீச்சருக்குக் காட்டிவிட்டு வாருங்கள். முட்டை சாப்பிட்டால் தடிப்பு வருமா? சத்துணவில் முட்டை உண்டு. அமைப்பாளரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா? முன் பெஞ்சு கேளுங்கள். கண் டாக்டரிடமும் காட்டுங்கள்.

அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும். 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டம் இது. அவர்கள் மேல் சிகிச்சைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால், அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையும், வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரையும் பிள்ளையின் நன்மைக்கே. இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும். ஐந்து வயதில் போட வேண்டிய தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி பூஸ்டர் ஊசியைப் போட்டாயிற்றா என்று கார்டைப் பாருங்கள். கர்நாடகத்தில் பிரசவமாகி, 'தாயி கார்டு' வைத்திருப்பவர்கள் அதையே நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம்.

தண்ணீர் பாட்டில்

நம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. அதிகமானால், எட்டு வயதுக்குள் உள்ளேயே உருவாகும் நிலைப்பற்களில் பழுப்புக் கறை விழுந்துவிடும். எப்படித் தேய்த்தாலும் போகாது. இதற்காகவே வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். போர் தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. ஆகவே பாட்டிலில் ஒகேனக்கல் தண்ணீரை நிரப்புங்கள். பள்ளியில் குடிக்க எந்தத் தண்ணீர் என்றும் கேளுங்கள்.

எப்போது வீட்டில் நிறுத்துவது?

காய்ச்சல் என்றால், மருந்து கொடுக்காமலே ஒரு முழு நாள் உடம்பு சுடாமல் இருந்த பிறகு அனுப்புங்கள். காலையில் சிரப் கொடுத்து அனுப்பினால், மதியம் திரும்பவும் கொதிக்கும். சின்னம்மை என்றால் கொப்புளம் எல்லாம் பொருக்கு தட்டும் வரை. பொன்னுக்கு வீங்கி என்றால் வீங்கியதிலிருந்து ஐந்து நாள். வாந்தி, பேதி நிற்கும் வரை வீட்டிலேயே இருக்கட்டும். "ஒரு நாள் லீவு போட்டா சம்பளம் போயிடுமே" என்பது உண்மைதான். அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவை இப்போதே கேட்டு வையுங்கள் என்கிறேன். நாளைக்கு அவர் பிள்ளைக்கு நீங்கள் இருப்பீர்கள்.

இன்று இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் அரைத் தாளை எடுங்கள். பிள்ளையின் பெயர், ரத்த வகை, இருக்கிற வியாதி, சாப்பிடும் மாத்திரையின் பெயர், ஆகாத மருந்தும் உணவும், மூன்று போன் நம்பர். மாத்திரைப் பெயரை அட்டையைப் பார்த்தே எழுதுங்கள். தமிழ் எழுத வராதென்றால் தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்லி, தெரிந்தவரை எழுதச் சொல்லுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பிள்ளையின் டைரியில் ஒட்டுங்கள். மற்றதை நாளைக்குக் காலையில் டீச்சர் கையில் நீங்களே கொடுங்கள்.