‘மனநோயாளி எவரும் இல்லை’ என்றொரு சான்று

அசாமைச் சேர்ந்த மாச்சாங் லாலுங் 1951இல் கைதானபோது அவருக்கு வயது 23. கொடுங்காயம் விளைவித்ததாக வழக்கு. மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் அவர் குணமாகிவிட்டதாக மருத்துவர்கள் சான்றளித்தார்கள். அதன் பிறகும் வீட்டுக்கு விடவில்லை, சிறைக்கு மாற்றினார்கள். விசாரணையே நடக்காமல் 54 ஆண்டுகள் கழிந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, 2005இல் ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தார். இரண்டே ஆண்டுகளில் இறந்தும் போனார்.

அவர் பழங்குடி. மருத்துவமனை சான்று எழுதியது, சிறை பூட்டி வைத்தது, நீதிமன்றம் கூப்பிடவில்லை. ஒரு துறைக்குத் தெரிந்த விஷயம் அடுத்த துறையை அசைக்கவில்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி நச்சரிக்க ஆளில்லாதவருக்குத்தான் இப்படி நடக்கும்.

அசாம் கதை, பழைய கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், சிறைக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 2018 முதல் நடப்பில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மனநலச் சிகிச்சை மையம் வேண்டும் என்கிறது. நல்லது. அதே பிரிவுதான், சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘இங்கே மனநோயாளிக் கைதி எவரும் இல்லை’ என்று மறுஆய்வு வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ‘எத்தனை பேர்’ என்று கேட்டிருந்தால் எண்ணிப் பார்த்திருப்பார்கள். ‘இல்லை’ என்று எழுதக் கையெழுத்து ஒன்றே போதும்.

அந்த வாரியத்தில் நீதித்துறையைச் சேர்ந்தவர், ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர் ஆகியோரோடு, நோயை அனுபவித்தவர்கள் அல்லது அவர்களைப் பராமரிப்போர் தரப்பிலிருந்தும் இருவர் உண்டு. இன்னொரு பக்கம், மாவட்டந்தோறும் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஆட்சியர், எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலர் உட்காருகிறார்கள். மனநலம் பாதித்த விசாரணைக் கைதிகளின் வழக்குகளையும் இக்குழு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. ஆனால் குழுவில் மனநல மருத்துவருக்கு இடமில்லை. ஒருவருக்கு மனம் தெளிந்துவிட்டதா என்பதை எஸ்.பி. எப்படிச் சொல்வார்? ஒரே கைதியைப் பற்றி இரண்டு இடத்தில் பேசுகிறார்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது யார் வேலை என்று எந்த உத்தரவிலும் இல்லை.

ஜாமீன் கதை இன்னும் கொடுமை. பிஎன்எஸ்எஸ் 369ஆம் பிரிவுப்படி, உள்நோயாளியாக வைக்கத் தேவையில்லாதவரை நீதிமன்றம் விடுவிக்கலாம். அதற்கு உறவினரோ நண்பரோ, தவறாமல் சிகிச்சைக்கு அழைத்துப் போவேன், அவராலும் அவருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வேன் என்று உறுதிமொழி தர வேண்டும். காலனியில் கூலிக்குப் போகும் தாய் இதை எந்த நம்பிக்கையில் எழுதித் தருவாள்? மாத்திரை வாங்கப் போகும் நாளில் அரை வயிறு. ஊருக்குள் ‘பைத்தியத்தைக் கூட்டி வந்துட்டா’ என்ற பேச்சு வேறு. கையெழுத்துப் போட அவள் தயங்கினால், கோப்பில் ‘பொறுப்பேற்க உறவினர் இல்லை’ என்று ஏறிவிடும். மாவட்ட மனநலத் திட்டக் குழு அந்த வீட்டுக்கு ஒருமுறை போய், மருந்து பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும் என்று உறுதி சொன்னால் அவள் கை தயங்காது.

பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் வைக்க 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. காவலில் இருப்போருக்கும் மனநோயாளிகளுக்கும் அதே உரிமை உண்டு. வீட்டில் யாராவது இந்த நிலையில் உள்ளே இருந்தால், நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். அந்தப் பெயரை அடுத்த மறுஆய்வுக் கூட்டத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கூட்டத்துக்கு அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநல மருத்துவரை மாவட்ட நீதிபதி அழைக்கலாம். அழைக்க ஒரு கடிதம் போதும்.