பைக் என்ஜின்தானே என்று ஜாயிண்ட்டைச் சிறிதாக்கலாமா?

பிரிட்டனில் வீட்டுக் கொட்டகையிலேயே ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறவர்கள் ஏராளம். 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன்தான் அவர்களுக்கு முன்மாதிரி. 1996-இல் ரான் சாம்பியன் எழுதிய புத்தகம், மலிவாகவே அப்படி ஒரு காரைக் கட்டலாம் என்று பலரை இறங்க வைத்தது. அந்தச் சட்டகத்தில் கார் என்ஜினுக்குப் பதில் பைக் என்ஜினை வைக்கும் வழக்கமும் பிறகு பரவியது. சுசுகி ஹயபூசா என்ஜினோடு வெஸ்ட்ஃபீல்டு நிறுவனம் ‘மெகாபூசா’ என்றே ஒரு காரை விற்றது.

இந்தக் கார்களைக் கட்டுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: “பைக் என்ஜின்தானே, டார்க் குறைவு. புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்குக் கையடக்கமான யூனிவர்சல் ஜாயிண்ட் எதைப் போட்டாலும் தாங்கும்.” இந்த வாதம் தவறு. என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கடத்த, ஓட்டுபவரின் இடுப்புக்குப் பக்கத்திலேயே சுழலும் ஷாஃப்ட் இது என்பதால், தவறு ஆபத்தாகவும் முடியும்.

சிறிய ஜாயிண்ட்டைத் தேடுவதே பிழை என்று நான் சொல்லவில்லை. ஷாஃப்ட்டைப் பொருத்துவதற்காக, பைக்கில் இடப்பக்கம் இருக்கும் செயின் ஸ்ப்ராக்கெட் காரின் பின்புறத்தைப் பார்க்கும்படி என்ஜினைத் திருப்பி வைக்கிறார்கள். அப்போது கியர்பாக்ஸ் காரின் வலப்பக்கம், அதாவது பிரிட்டிஷ் ஓட்டுநரின் பெடல்களை ஒட்டி வந்துவிடும். அங்கே விரற்கடை இடம்கூட வீண்போகக் கூடாது. தேவை உண்மைதான், அதற்குச் சொல்லும் காரணங்கள்தான் தேறவில்லை.

“டார்க் குறைவு.” என்ஜினில் குறைவுதான், ஜாயிண்ட்டில் இல்லை. முதல் தலைமுறை ஹயபூசா தரும் டார்க் சுமார் 138 நியூட்டன் மீட்டர். அது பிரைமரி கியரில் 1.596 மடங்கும், முதல் கியரில் 2.615 மடங்கும் பெருகி, ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட்டுக்கு வரும்போது 575-ஐத் தொடுகிறது. பழைய ஃபோர்டு 2 லிட்டர் என்ஜினின் 150-ஐ அதன் கியர்பாக்ஸின் 3.65 முதல் கியரால் பெருக்கினால் சுமார் 550. கார் என்ஜினுக்குப் பெரிய ஜாயிண்ட் வேண்டும், பைக் என்ஜினுக்குச் சிறியது போதும் என்ற வேறுபாடு இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது.

“அவ்வளவு டார்க் வருவதற்குள் டயர் வழுக்கிவிடுமே” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் டயரின் பிடி காரின் எடையைப் பொறுத்தது. இரு வகைக் கார்களின் எடையும் ஏறத்தாழ ஒன்று என்றால் வரம்பும் ஏறத்தாழ ஒன்றுதான். பைக் என்ஜினுக்குத் தனிச் சலுகை கிடையாது. போதாததற்கு, வழுக்கிய சக்கரம் மேட்டில் இறங்கிச் சட்டென்று பிடிக்கும்போது விழும் அடி எந்தக் கணக்குக்கும் மேல்.

“அளவு கொஞ்சம் குறைந்தால் வலுவும் கொஞ்சம்தான் குறையும்.” ஜாயிண்ட்டின் நடுவே இருக்கும் கிராஸின் எல்லா அளவுகளையும் பாதியாக்கிப் பாருங்கள். மையத்திலிருந்து தூரம் பாதியாவதால், அதே டார்க்குக்கு ஊசி பேரிங்மேல் விழும் விசை இரட்டிப்பாகிறது. தாங்கும் பரப்போ கால்வாசியாகிறது. ஆக அழுத்தம் 8 மடங்கு! சுமை தாளாத கிராஸைக் கழற்றி, சர்க்ளிப்பை எடுத்து, கப்பை உருவிப் பாருங்கள்: பளபளவென்று இருக்க வேண்டிய தண்டின்மேல் ஊசிகள் பதிந்த கோடுகள் நகக்கீறல் போல வரிசையாக நிற்கும். விரலால் தடவினாலே தட்டுப்படும்.

“இரண்டு ஜாயிண்ட் போட்டால் கோணம் சமனாகிவிடும்.” இரு முனையிலும் கோணம் சமமாக இருந்து, கிராஸைப் பிடிக்கும் யோக்குகளும் ஒரே நேரில் அமைந்தால், டிஃபரன்ஷியலுக்குப் போகும் சுழற்சி சீராகும். நடுக்குழாய் சீராகாது. 10 டிகிரி கோணத்தில் அதன் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 1.5 சதவீதம் ஏறி இறங்கும். ஆறாம் கியரில், என்ஜின் நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஓடும்போது, ஷாஃப்ட் சுமார் 6,000 சுற்றில் சுழலும். அதாவது வினாடிக்கு 200 முறை இந்த உதறல். கியர்பாக்ஸையும் இது விடாது. 500 நியூட்டன் மீட்டரை 10 டிகிரி கோணத்தில் கடத்தும் ஜாயிண்ட், ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட்டை 88 நியூட்டன் மீட்டர் வரை வளைக்கப் பார்க்கும். அந்த பேரிங் செயின் இழுப்புக்காகச் செய்யப்பட்டது.

கோணத்தை அளப்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். பக்கவாட்டில் 6 டிகிரி, மேல்கீழாக 5 டிகிரி என்றால் ஜாயிண்ட் காண்பது 6 அல்ல, ஏறத்தாழ 8. அதற்காகக் கோணத்தைப் பூஜ்யமாக்கவும் கூடாது. ஊசிகள் உருள வழியில்லாமல் ஒரே இடத்தில் குத்திக் குழி பறிக்கும். ஓரிரு டிகிரி இருந்தே ஆக வேண்டும்.

“பைக் கியர்பாக்ஸ் தாங்குகிறதே.” பைக்கில் அது தனியாகத் தாங்குவதில்லை. பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பர்தான் கியர் மாறும்போது விழும் அடியை வாங்கிக்கொள்கிறது. செயினை எடுத்து ஷாஃப்ட்டை மாட்டிய அன்றே அந்த ரப்பர் போய்விடுகிறது. வண்டியின் எடையோ இரு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. அந்த அடி முழுவதும் கியர் பற்களுக்கும் கிராஸுக்கும்தான் போகும்.

“அப்படியானால் ரப்பர் டோனட் போட்டுவிடலாம்.” அதிர்ச்சியைக் குறைக்க ரப்பர் கப்ளிங் நல்ல துணை. ஆனால் அது சிறிய கோணத்துக்கே ஏற்றது. யூனிவர்சல் ஜாயிண்ட்டின் வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது. மையம் பிடிக்கும் அமைப்பு இல்லாமல் அதிவேகத்தில் சுழன்றால் ஷாஃப்ட் விலகி ஆடத் தொடங்கும்.

“உடைந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதானே.” முன் ஜாயிண்ட் விட்டுப்போன ஷாஃப்ட்டைப் பின்சக்கரங்கள் சுழற்றிக்கொண்டே இருக்கும். வளையம் போட்டுத் தாங்காவிட்டால் அந்த முனை மெல்லிய தகட்டைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் காலுக்கே வரும்.

எனவே ஜாயிண்ட்டை வாங்கும் முன் முதல் கியர் டார்க், உண்மையான கூட்டுக் கோணம், ஷாஃப்ட்டின் உச்ச வேகம் மூன்றையும் கணக்கிடுங்கள். தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் இந்த மூன்றையும் தாங்கும் மிகச் சிறிய ஜாயிண்ட்டை எடுங்கள். கோணம் அடங்கவில்லையா? என்ஜினைச் சற்று நகர்த்துங்கள். அல்லது ஷாஃப்ட்டை இரண்டாக்கி நடுவே பேரிங் கொடுங்கள். அல்லது சீரான வேகம் தரும் சி.வி. ஜாயிண்ட்டுக்குப் போங்கள். ஷாஃப்ட்டில் நழுவும் ஸ்பிளைன் இருக்கட்டும். முன்னும் பின்னும் காப்பு வளையம் இருக்கட்டும். இவ்வளவும் செய்த பிறகு கையடக்கமான ஜாயிண்ட் பொருந்தினால், தாராளமாகப் போடுங்கள். அதற்கு அத்தாட்சி அந்தக் கணக்குதான். “பைக் என்ஜின்தானே” என்ற பேச்சு அல்ல.